நோயாளிகளே நிர்வாகம் செய்யும் மருத்துவமனை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுகாதாரம் பற்றிப் பேசணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. கீரை சாப்பிடுங்க, சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாம முழுங்குங்கன்னு நான் சொல்றதை உங்களில் பல பேர் ஏற்கெனவே நிறைய தடவை கேட்டாச்சு. அதனால் இன்னைக்கு ஒரு மருத்துவமனையின் கதையைச் சொல்லலாம்னு வந்திருக்கேன். அது ரொம்ப தூரத்தில் இருக்கு. அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் டியாகோ என்ற நகரத்தில் இருக்கு.

அவ்வளவு தூரத்துக் கதை நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. அந்த மருத்துவமனை பிறக்கக் காரணமாக முன்னால் நின்றவர் பேரப்பிள்ளை எடுத்த ஒரு பாட்டி. இன்று அது ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறது. அது எப்படி வளர்ந்தது என்ற விவரத்தில் நம் குழுக்களுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதலில் அந்த மக்கள் யார் என்று பார்ப்போம். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார், கியூபா, போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களின் வழிவந்து அமெரிக்காவில் வாழ்பவர்களை லத்தீனோ மக்கள் என்பார்கள். பெரும்பாலானவர்களின் பூர்வீக மொழி ஸ்பானிஷ். கலிஃபோர்னியாவின் தோட்டங்களில் ஸ்ட்ராபெரி பறிப்பதும், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும், கட்டட வேலை செய்வதும், மற்றவர் வீட்டைத் துடைப்பதும் பெருமளவு இவர்கள்தான்.

அந்த நாட்டில் வைத்தியச் செலவு மிக மிக அதிகம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் குடும்பம் கடனாளி ஆகிவிடும். காப்பீடோ, பெரும்பாலும் நல்ல கம்பெனி வேலையோடு சேர்ந்து வருவது. தினக்கூலிக்கு அது எங்கே கிடைக்கும்? இன்றைக்கும் அங்கே காப்பீடு இல்லாதவர்களின் விகிதம், வெள்ளைக்காரர்களைவிட லத்தீனோ மக்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் சர்க்கரை ஏறினாலும், மார்பில் கட்டி வந்தாலும், தாங்க முடியாத கட்டம் வரும்வரை பொறுத்துக்கொள்வார்கள். இது நமக்குப் புதுசா? நம் வீட்டிலும் அம்மாவின் வலிதானே கடைசியில் கவனிக்கப்படும்!

சான் டியாகோவில் லோகன் ஹைட்ஸ் என்று ஒரு பகுதி. மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை பார்த்த மெக்சிகோ வழிக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம். 1960களில் ஒரு பெரிய நெடுஞ்சாலை வந்து அந்த ஊரை இரண்டாகப் பிளந்தது. நிறைய வீடுகள் போயின. அடுத்து, கடலைத் தாண்டி கொரனாடோ தீவுப் பகுதிக்குப் போகும் பெரிய பாலம் 1969இல் திறக்கப்பட்டது. பாலத்தின் தூண்கள் குடியிருப்புக்கு நடுவில் இறங்கின. வீடுகளுக்குப் பக்கத்திலேயே பழைய இரும்புக் கடைகளும் கார் உடைக்கும் பட்டறைகளும் வந்து சேர்ந்தன. பாலத்தின் அடியில் மிச்சமிருந்த நிலத்தில் பூங்கா வேண்டும் என்று மக்கள் கேட்டு வந்தார்கள். 1970 ஏப்ரல் 22ஆம் தேதி அங்கே புல்டோசர்கள் வந்து நின்றன. நெடுஞ்சாலைப் போலீசுக்கு நிலையம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது.

மாணவர்கள், தாய்மார்கள், பிள்ளைகள் என்று ஊரே திரண்டு போய் அந்த நிலத்தில் உட்கார்ந்தது. 12 நாள் அசையவில்லை. மண்வெட்டி கொண்டுவந்து அவர்களே செடி நட்டார்கள். கடைசியில் பூங்காவுக்கு இடம் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. சிகானோ பூங்கா என்று பெயர். சிகானோ என்றால் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழி மக்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர். அந்தப் பாலத்தூண்களில் இன்று பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன.

அந்த 12 நாளில் போராட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களில் ஒருவர் லாரா ரோட்ரிகஸ் என்ற அம்மா. சமைத்துப் போட வந்த இடத்தில், ஊர் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தார்.

அதே பகுதியில், நேஷனல் அவென்யூ என்ற தெருவில், நெய்பர்ஹுட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் அந்த ஊர்க் குழந்தைகளும் தாய்மார்களும் வந்து போன இடம். குழந்தைகளுக்கு மருத்துவ உதவி, விளையாட்டு, பெண்களுக்கு வகுப்பு எல்லாம் அங்கே நடந்தது. 1960களில் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் வந்தன. திட்டங்களை நடத்த அலுவலகம் தேவைப்பட்டது. அந்தக் கட்டடம் மேஜை நாற்காலி போட்ட அலுவலகமாக மாறியது. ஏழைகளுக்கான திட்டத்தின் அலுவலகம் வந்தது. ஏழைகள் வந்து போன இடம் போனது.

1970 அக்டோபரில், பூங்காவில் ஜெயித்த அதே மக்கள் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். லாரா அம்மா தன்னைக் கதவோடு சங்கிலியால் கட்டிக்கொண்டார். எங்களுக்கு இங்கே மருத்துவமனை வேண்டும் என்பது கோரிக்கை. அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் சிகானோ ஃப்ரீ கிளினிக். தன்னார்வமாக வந்த மருத்துவர்களை நம்பித்தான் அது ஓட ஆரம்பித்தது. பிறகு லோகன் ஹைட்ஸ் குடும்ப நல மையம் ஆகி, இன்று சான் டியாகோ குடும்ப நல மையங்கள் என்ற பெயரில் அந்த மாவட்டம் முழுக்கப் பல கிளைகளோடு நிற்கிறது. ஆரம்பித்த அதே தெருவில் இன்றும் மருத்துவமனை இருக்கிறது. லாரா அம்மாவின் பெயரில் அந்தப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியும் இருக்கிறது.

இதுவரைக்கும் கேட்டது போராட்டக் கதை. கைதட்டினீங்க, சந்தோஷம். ஆனா போராட்டம் கதவைத் திறந்து விடும், அவ்வளவுதான். திறந்த கதவு 50 வருஷம் தாண்டியும் மூடாம இருக்கே, அதுதான் பெரிசு. நம்ம குழுவிலேயே பாருங்க, ஆரம்பிக்கிற அன்னைக்கு 20 பேரும் வருவோம். மூணாவது வருஷம் யார் கணக்கு எழுதுறாங்கன்னு பார்த்தால்தான் குழுவின் நிலைமை தெரியும்.

அந்த மருத்துவமனையும் அதைப்போல் மற்ற ஊர்களில் தோன்றியவையும் நிலைத்து நின்றதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அது வந்த வழியையும் சொல்கிறேன். 1962இல் ஊர் ஊராகப் போய் விளைச்சல் அறுக்கும் விவசாயக் கூலிகளுக்காக ஒரு மருத்துவ உதவிச் சட்டம் வந்தது. 1965இல் பாஸ்டன் நகரத்தில் ஒரு மக்கள் நல மையமும், மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பேயூ என்ற ஊரில், பருத்திக்காட்டுக் கறுப்பினக் கூலிகளுக்காக இன்னொன்றும் அரசுப் பணத்தில் திட்டமிடப்பட்டன. ஜாக் கைகர் என்ற மருத்துவர் இரண்டுக்கும் முன்னோடி. மிசிசிப்பியில் குழந்தைகள் பசியால்தான் நோயில் விழுகிறார்கள் என்று பார்த்த மருத்துவர்கள், மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமான் கொடுத்தார். பில்லை மருத்துவமனை மருந்துக் கணக்கில் கட்டியது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பசிக்கு மருந்து சாப்பாடுதானே என்று மருத்துவர்கள் தங்கள் நிலையில் நின்றார்கள்.

இப்படிப் பல ஊர் அனுபவமும் சேர்ந்து, 1975இல் ஒரு தனிச் சட்டப் பிரிவு உருவானது. அதில் உள்ள ஒரு விதியைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகை மருத்துவமனை அரசுப் பணம் பெற வேண்டுமென்றால், அதன் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளாக இருக்க வேண்டும்.

மறுபடி சொல்றேன். நோயாளிகள். குழுவில் 9 பேரிலிருந்து 25 பேர் வரை இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருந்து ஊசி போட்டுக்கொள்பவர்கள். மாதம் ஒருமுறை கூட வேண்டும். எந்த நேரத்தில் மருத்துவமனை திறந்திருக்க வேண்டும், என்னென்ன சிகிச்சை தர வேண்டும், வரவு செலவு என்ன, தலைமை நிர்வாகியாக யாரை வைப்பது, சரியில்லை என்றால் யாரை நீக்குவது, எல்லாம் அந்தக் குழுவின் கையில்.

இதனால் என்ன ஆகிறது? தோட்டத்தில் சாயங்காலம் வரை வேலை பார்க்கும் பெண்ணால் காலை 10 மணிக்கு மருத்துவமனைக்கு வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போச்சு. இது டாக்டருக்குத் தோன்றாமல் போகலாம். குழுவில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தோட்டத் தொழிலாளிக்குத் தோன்றாமல் போகாது. சாயங்காலமும் சனிக்கிழமையும் திறந்து வையுங்கள் என்று அவர் கேட்பார். கேட்பதோடு நிற்காமல், தீர்மானத்துக்கு ஓட்டும் போடுவார்.

அடுத்தது பணம். அந்தச் சட்டப்படி, பணம் கட்ட முடியவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அதற்காக எல்லாருக்கும் இலவசம் என்றும் இல்லை. குடும்ப வருமானத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் படிப்படியாக மாறும். அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமே இல்லை, அல்லது பெயருக்கு ஒரு சிறு தொகை. அந்தக் கோட்டின் இரண்டு மடங்கு வரை வருமானம் உள்ளவருக்குப் பகுதித் தள்ளுபடி. அதற்கு மேல் முழுக்கட்டணம். நாம் குழுவில் அவசரம் பார்த்து உள்கடன் கொடுப்பது மாதிரி, ஆள் நிலைமை பார்த்துக் கட்டணம். காப்பீடு உள்ளவர் வந்தால் காப்பீட்டிலிருந்து பணம் வரும். இல்லாதவருக்கு அரசு மானியம் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

மூன்றாவது மொழி. இதை நம்மில் பல பேர் சாதாரணமாக நினைப்போம். 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்தது. கியூபா வழிக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயதுப் பையன் திடீரென்று மயங்கி விழுந்தான். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் வீட்டார் 'இன்டோக்சிகாடோ' என்ற ஸ்பானிஷ் சொல்லைச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அதேபோல் ஒலிக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். போதை மருந்து சாப்பிட்டவன் என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. கை கால் நான்கும் செயலிழந்து போயின. ஒரே ஒரு சொல்! அங்கே பெயர்த்துச் சொல்ல முறையான ஆள் இல்லை. இருவருக்கும் புரிந்துவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பல குடும்பங்களில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைதான் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கும். பத்து வயசுப் பையனை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் மாதவிலக்குப் பிரச்சினையை எப்படிச் சொல்லுவாள்? புருஷன் அடித்ததை எப்படிச் சொல்லுவாள்? அவசர நேரம் தவிர மற்றபடி சிறுபிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. லோகன் ஹைட்ஸ் மாதிரி இடங்களில், வாசலில் பெயர் எழுதிக்கொள்பவரிலிருந்து ஸ்பானிஷ் பேசுபவராக இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே மக்கள் கோரிக்கை.

நான்காவது, நீங்க காத்திருந்த விஷயம். பெண்கள். இந்த மருத்துவமனைகளில் 'ப்ரொமோத்தோரா' என்று ஒரு பணி உண்டு. அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்புவார்கள். நம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் குழுக்களிலிருந்து போன மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பிபி, சர்க்கரை மாத்திரை கொடுக்கிறாங்களே, அந்த மாதிரி.

அமெரிக்காவில் பெரியவர்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 40 பேருக்கு வாழ்நாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு உண்டு. லத்தீனோ மக்களில் அது 50க்கும் மேல். டாக்டர் பத்து நிமிஷத்தில் மாவுப்பொருளைக் குறையுங்கள் என்று சொல்லிவிடுவார். ப்ரொமோத்தோரா அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, நீங்க ஒரு வேளைக்கு எத்தனை சோள ரொட்டி சாப்பிடுறீங்க, அதில் ஒண்ணைக் குறைச்சு அவரையைக் கூட வைங்கன்னு சொல்வார். ரொட்டியை விட்டுவிடு என்று சொன்னால் அந்த வீட்டில் நடக்காது என்று அவருக்குத் தெரியும். நம்ம ஊர்ல அரிசியை விடுன்னு சொன்னா நடக்குமா? அதே கதைதான்.

இப்படியெல்லாம் வளர்ந்து, இன்று அந்த நாட்டில் சுமார் 1,400 மக்கள் நல அமைப்புகள் இந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அவற்றை நம்பி இருக்கிறார்கள். அதில் பத்துக்கு நான்கு பேர் லத்தீனோ மக்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டு இறங்கலாம். ஆனால் அது நியாயமில்லை. அங்கே பெரிய பயம் ஒன்று இருக்கிறது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் அந்த மக்களில் நிறையப் பேர் உண்டு. ஒரே வீட்டில் பிள்ளைக்குக் குடியுரிமை இருக்கும், அம்மாவுக்கு இருக்காது. அரசு உதவி வாங்கினால் பின்னால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு இடைஞ்சல் வரும் என்ற விதி 2020இல் அமலுக்கு வந்து, 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அது நடந்த காலத்தில், விதி தங்களைத் தொடாத குடும்பங்கள்கூடப் பயந்துபோய்ப் பிள்ளைகளின் உதவியை நிறுத்திக்கொண்டன. விதி போனாலும் பயம் உடனே போகாது.

கலிஃபோர்னியா மாநிலம் 2024 ஜனவரியிலிருந்து எந்த வயதானாலும், ஆவணம் இல்லாத ஏழைகளையும் தன் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. லோகன் ஹைட்ஸ் மாதிரி மருத்துவமனைகளுக்கு அது பெரிய மூச்சு. செலவு தாங்கவில்லை என்று 2026 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை மாநிலம் நிறுத்திவிட்டது. காப்பீடு நின்றாலும் நோய் நிற்காதே. அவர்கள் எங்கே வருவார்கள்? இந்த மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். திருப்பி அனுப்பவும் சட்டம் இல்லை. வருமானம் குறையும்போது எதைச் சுருக்குவது, எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கஷ்டமான முடிவு. ஆனால் அந்த மேஜையைச் சுற்றி பாதிக்கு மேல் நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளையை மூடினால் யாருக்கு எத்தனை மைல் நடை என்று தெரிந்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நல்ல காலத்தைவிடக் கெட்ட காலத்தில்தான் அந்த 51 சதவீதத்தின் மதிப்பு தெரியும்.

அக்கா, தங்கைகளே, நமக்கு இதில் என்ன இருக்கு? நம் நிலைமை வேற. நமக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, இலவச வைத்தியம் இருக்கு, பிரசவம் பார்க்க யாரும் பில் போடுறதில்லை. அது பெரிய விஷயம். ஆனால் அந்த நிலையத்துக்கு நாம் எப்படிப் போகிறோம்? கும்பிட்டுக்கிட்டே போய், கொடுத்ததை வாங்கிக்கிட்டு வர்றோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. கிராமத்தில் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கென்று ஒரு குழு உண்டு. உங்க ஊர்க் குழுவில் யார் உறுப்பினர்னு இங்கே கை தூக்கச் சொன்னா எத்தனை கை வரும்? கூட்டம் எப்போ நடக்குது, வந்த பணம் எதுக்குச் செலவாச்சுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்குப் பார்க்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன் எல்லாம் பைசா பிசகாம எழுதி, தணிக்கைக்குக் கொடுத்து, நல்ல மதிப்பெண் வாங்கின கை உங்க கை. கூட்டம் நடத்தத் தெரியும், தீர்மானம் போடத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும். ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தில் உட்கார இதைவிட வேறென்ன படிப்பு வேணும்?

அதனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்க. நம் ஊர் சுகாதாரக் குழுவில் யார் யார் உறுப்பினர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, நம் குழுவிலிருந்து ஒருவர் அந்தக் கூட்டத்துக்குப் போவது, வந்து நடந்ததை நம் கூட்டத்தில் சொல்வது. அவ்வளவுதான். போகிறவர் தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்க. முதல் கூட்டத்தில் வாயே திறக்காட்டியும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்க. மூணாவது கூட்டத்தில் தானாகக் கேள்வி வரும்.

 சாப்பாடு தயார்னு சொல்றாங்க, சர்க்கரை உள்ளவங்க முதலில் போய்ச் சாப்பிடுங்க.